விசில் பாயும் மூன்று வீட்டு மூட்டைகளும்

ஏற்காடு மலையில் இதுவரை வாழ்ந்த சந்தேகப் பிராணிகள் அத்தனை பேரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறுதட்டில் எங்கள் விசில் பாயை மட்டும் உட்கார வைத்தால், பாயின் தட்டுதான் தரையில் இடிக்கும். உட்காரும் முன் தராசின் சங்கிலி தாங்குமா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்திருப்பார் என்பது வேறு விஷயம்.

மழையைச் சந்தேகப்படுவார். வெயிலை இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுவார். சில்வர் ஓக் மரம் நேற்றைவிட இன்று சாய்ந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். குரங்குக் கூட்டம் இடம் மாறினால், "அதுகளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குதுங்க" என்பார். மலைமேல் வீடு கட்டியவர் மலையையே நம்பவில்லை என்றால் மனுஷன் எங்கேதான் போவார், சொல்லுங்கள்.

கடைவீதியில் கயிறு, தார்ப்பாய், பூட்டு விற்கிற கடை அவருடையது. கிளியூர் போகிற வழியில் சரிவை வெட்டி மூன்று வீடுகள் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம் மேட்டில் அவருடைய சொந்த வீடு. எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி நாலாம் மாதம், நானும் என் வீட்டுக்காரரும் மூன்றாவது வீட்டுக்குக் குடிபோனோம்.

அந்த வீடு எனக்கு எப்படிப்பட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தில் மாமியார் வீடு. பதினோரு பேர், ஒரு சமையலறை, சமையலறைக்குள் மாமியார். என் வீட்டுக்காரருக்கு ஏற்காட்டில் ஆபீஸ் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வரட்டுமே என்பது மாமியாரின் கட்சி. ஆனால் இவருக்கு மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி வந்துவிடும், மேலே போக இன்னும் பதினேழு வளைவு. அந்த வாந்தியின் புண்ணியத்தில் கிடைத்தது என் வீடு. என் அடுப்பு, என் கதவு, உள்ளே இருந்து நானே போடுகிற தாழ்ப்பாள்! இதை விட்டால் அந்த ஊரில் வேறு வீடு கிடைக்காது. திரும்பவும் பதினோரு பேருக்கு நடுவில் பன்னிரண்டாவதாகப் போய் நிற்க வேண்டியதுதான்.

குடிபோன அன்றைக்கே பாய் வாசலில் வந்து நின்றார்.

"வாங்க கண்ணு. பாலு காச்சியாச்சுங்களா?"

"ஆச்சுங்க பாய்."

"நல்லதுங்க. அப்ப மூட்டையக் கட்டீருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விளக்கினார். அவசரமாக வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தால் எடுத்துப்போக, ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை எப்போதும் தயாராக இருக்க வேண்டுமாம். ரேஷன் கார்டு, சர்ட்டிபிகேட், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி, ஒரு படி பொரிகடலை.

"ஏனுங்க பாய், அவசரம் வர்றப்ப எடுத்துக்கலாமில்லைங்க?"

"அதுதான் முடியாதுங்க கண்ணு. எங்க மாமனார் ஊட்ல தீப்புடிச்சப்ப எல்லாரும் கைக்குக் கெடச்சத எடுத்துட்டு ஓடியாந்தாங்க. எங்க மாமியா என்னத்த எடுத்துட்டு வந்தாங்க தெரியுமுங்களா? வெளக்கமாறு! நகைப்பெட்டி உள்ள இருக்குது, அம்மா வெளிய வெளக்கமாத்தோட நிக்கறாங்க. பதட்டத்துல மனுசனுக்கு மூள வேலை செய்யாதுங்க."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் ஒத்திகை. ரிட்டையரான பஸ் கண்டக்டர் ஒருவரிடம் வாங்கிய விசில் அவருடைய கழுத்தில் தொங்கும், கையில் டைம்பீஸ் இருக்கும். ஒரு விசிலுக்கு அடுப்பை அணைக்க வேண்டும். இரண்டாவதற்கு மூட்டையைத் தூக்க வேண்டும். மூன்றாவதற்கு மூன்று குடும்பமும் ரோட்டோர சில்வர் ஓக் மரத்தடியில் நிற்க வேண்டும். வெளியே வந்தபின் எதையாவது மறந்துவிட்டோமென்று உள்ளே திரும்பிப் போகிறவர் செத்தவர் கணக்கு. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வாரமும் மூக்குக்கண்ணாடிக்காகவோ டிரான்சிஸ்டருக்காகவோ திரும்பி ஓடுவார்.

"உங்க ஊட்டுக்காரரு இன்னிக்கும் மவுத்துங்க கண்ணு" என்று பாய் நிஜமான துக்கத்தோடு சொல்வார். செத்தவர் தனியாக அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். கல்யாணமான முதல் வருஷத்தில் நான் எத்தனை தடவை விதவையானேன் என்பதற்கு ஆண்டவன்தான் சாட்சி.

ஒத்திகை முடிந்ததும் மூட்டைச் சோதனை. ஒரு வாரம் அவசரமாக ஊருக்குப் போய் வந்ததில், மூட்டையில் இருந்த புடவையை எடுத்துவிட்டு இரண்டு தலையணையைத் திணித்து வைத்திருந்தேன். பாய் மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மூட்டையைப் பார்த்தார்.

"தலவாணி" என்றார். அவ்வளவுதான். கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன மாதிரி இருந்தது.

இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது, முதல் வீட்டுச் சண்முகம் அண்ணன் வாயைத் திறக்கும்வரை. அவர் எஸ்டேட்டில் ரைட்டர். அதற்கு முன் ஆறு மாதம் சேலத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்ததால் அவருக்குச் 'சட்டம்' என்று பெயர். ஒருநாள் எங்களையும், இரண்டாவது வீட்டில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்த மல்லிகாக்காவையும் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லாக் கேட்டுக்கங்க. வாடகைக்கு இருக்கறவங்கள ஊட்டுக்காரன் சும்மா தொரத்த முடியாது. ஆனா கட்டடம் ஆபத்துன்னு சொல்லித் தொரத்தலாம். இந்த ஆளு வாராவாரம் என்ன பண்றாரு? ஆபத்து ஆபத்துன்னு நம்மள மூட்டையோட ரோட்ல நிக்க வெக்கறாரு. ஒரு நாளைக்கு எவனாச்சும் போட்டோ புடிச்சுக் கோர்ட்ல காட்டுனா? 'பாருங்க எசமான், இவங்களே காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க'ன்னு!"

மாமியாரின் சமையலறை கண்முன் வந்து நின்றது. அதுவரை பைத்தியக்காரராகத் தெரிந்த பாய், அந்த நிமிஷத்திலிருந்து பயங்கரமான மூளைக்காரராகத் தெரிந்தார். அவர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று தோன்றும். எங்கள் சுவரைத் தட்டிப் பார்த்தால், இடிக்க ஆள் பேசிவிட்டாரோ என்று தோன்றும். ரமலானுக்கு அவர் மனைவி ஜமீலாம்மா நோன்புக்கஞ்சி கொடுத்தனுப்பினார். அதைக்கூட, இது எதற்கு அச்சாரமோ என்று யோசித்துக்கொண்டேதான் குடித்தேன். கஞ்சி என்னவோ பிரமாதம்.

சொல்லி வைத்தாற்போல அடுத்த வெள்ளிக்கிழமையே போட்டோவும் பிடிக்கப்பட்டது. ஏரிக்கு வந்த டூரிஸ்ட் ஒருவர், மரத்தடியில் மூட்டையோடு வரிசையாக நின்ற எங்களை வேடிக்கையாகப் பார்த்துக் கிளிக் செய்துவிட்டார். சட்டம் அண்ணன் "புடிங்க அவனை!" என்று வேட்டியை மடித்துக்கொண்டு துரத்த, அந்த மனிதர் பயந்து ஓட, "வரிசைய விட்டு ஓடறவரும் மவுத்துதானுங்க!" என்று பாய் பின்னாலிருந்து கத்த, எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் கெடுத்தது மல்லிகாக்காவின் ஆடு. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் கருங்கல் தடுப்புச் சுவர் ஒன்று உண்டு. அதில் விரிசல் தெரிந்த இடங்களில் எல்லாம் பாய் மைதா பசை தடவிக் காகிதத் துண்டுகளை ஒட்டியிருந்தார். விரிசல் பெரிதானால் காகிதம் கிழியும், கிழிந்தால் மலை நகர்கிறது என்று அர்த்தம். காலையும் மாலையும் வந்து பார்ப்பார். ஒரு நாள் மத்தியானம் இலையில் சோறு போட்டிருக்கிறேன், மூன்று விசிலும் சேர்ந்து அலறுகிறது. "காயிதம் கிழிஞ்சிருச்சு! எல்லாம் வெளிய வாங்க!" ரசம் கையோடு ஓடினோம். மரத்தடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றோம். அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து ஆடு நிதானமாக நடந்து வந்தது. வாயோரம் காகிதம், தாடியில் மைதா.

அன்றைக்கே மூன்று வீடும் சேர்ந்து முடிவெடுத்தோம். இனி பாய் எத்தனை விசில் ஊதினாலும் ஒருத்தரும் வாசலைத் தாண்டுவதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஊதினார். நாங்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். தூறலில் மரத்தடியில் டைம்பீஸோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. சட்டம் அண்ணனிடம் சொன்னேன்.

"அனுதாபத்த உண்டு பண்றாரு. ஏமாந்துராதம்மா" என்றார் அவர்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. நாலு நாளாகக் கொட்டியது. ஐந்தாம் நாள் சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும், விசில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு எண்ணிக்கையே இல்லாமல்.

"யாரும் அசையாதீங்க!" என்று முதல் வீட்டிலிருந்து சட்டம் அண்ணனின் குரல்.

அசையவில்லைதான். ஆனால் எனக்குச் சந்தேகம் தட்டியது. பாயின் விசில் அளந்து வைத்த மாதிரி வரும். இது தப்பும் தவறுமாக, மூச்சு வாங்கி வாங்கி வந்தது. அதுவும் மரத்தடியிலிருந்து வரவில்லை. ஜன்னலைத் திறந்தேன். எதிர் மேட்டில், தன் வீட்டு வாசலில் நின்று ஊதிக்கொண்டிருந்தது ஜமீலாம்மா. அந்த விசிலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜமீலாம்மா!

"என்னங்க, வாங்க!" என்று தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு எதிர் மேட்டுக்கு ஓடினேன். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

பாய் வருஷக்கணக்காகக் காவல் காத்த எங்கள் சுவர் கல்லுப்போல நின்றது. சரிந்தது அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த காப்பித் தோட்டம். சேறு சமையலறைக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது, பின்சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. கூடத்தில் பாய் பீரோவைத் திறப்பார், மூடுவார், திறப்பார். கையில் ஒன்றும் இல்லை.

"பாய், உங்க மூட்டை எங்கைங்க?"

"கட்டுலீங்க கண்ணு." குழந்தை மாதிரி விழித்தார். "பாற மேல கட்டுன ஊடுன்னு நெனச்சனுங்க. என்னத்த எடுக்கறதுன்னே தெரியலீங்களே."

"ஊருக்கெல்லாம் மூட்டை கட்டுனாரு" என்று ஜமீலாம்மா வாசலிலிருந்து அழுதார். "எங்க ஊட்ல ஒரு கர்ச்சீப்பு மடிச்சு வெக்கலீங்க!"

எங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கை தானாகப் பாயின் பீரோவில் ரேஷன் கார்டைத் தேடியது. சட்டம் அண்ணன் பத்திரங்களைப் பனியனுக்குள் செருகினார். மல்லிகாக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் துணிகளைப் போர்வையில் கட்டினார். என் வீட்டுக்காரர் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. எல்லோரும் மரத்தடிக்கு வந்த பிறகு பாய் திடீரென்று, "ஐயோ, தொழுகைப் பாய்!" என்று திரும்பினார். என் வீட்டுக்காரர் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள போனா மவுத்துங்க பாய்."

அவர் கையைப் பிடித்திருக்கும்போதே பின்கட்டு முழுசாகச் சேற்றோடு உட்கார்ந்தது. பாய் அதைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று வீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து ஜமீலாம்மா மல்லிகாக்கா வீட்டில் படுத்துக்கொண்டார், பாய் கடையில் தார்ப்பாய்க் குவியல்மேல் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சட்டம் அண்ணன் மறுபடி ஜன்னலைச் சாத்தினார்.

"இப்பத்தான் நெசமான ஆபத்து. சொந்தமாக் குடியிருக்க ஊடு வேணும்னு கேட்டா, கோர்ட்டு கண்ண மூடிட்டுக் குடுத்துரும். கடைசியா வந்தவங்க நீங்க. உங்க ஊட்டத்தான் கேப்பாரு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரின் வீடு இடிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் என் தாழ்ப்பாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் வாய்க்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பாய். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு, படிக்குக் கீழே நின்றிருந்தார். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஏனுங்க கண்ணு, ஒரு ஒத்தாச பண்ணோணுமுங்க."

"சொல்லுங்க பாய்."

"கிளியூர்ல ஒரு ஊடு வாடகைக்கு இருக்குதாமுங்க. ஊட்டுக்காரரு நொம்ப சந்தேகப்படறாரு. யாரு, என்னன்னு ஆயிரத்தெட்டுக் கேள்வி. நீங்க ஒரு எட்டு வந்து எங்களப் பத்தி ரெண்டு வார்த்த நல்லவிதமாச் சொல்லோணுமுங்க. வாடகைக்கு இருந்து எனக்குப் பழக்கமில்லீங்க."

மூன்று வீட்டுக்குச் சொந்தக்காரர், இன்னொருவர் வீட்டில் குடியிருக்கத் தன் குடித்தனக்காரியிடம் சிபாரிசு கேட்டு மழையில் நிற்கிறார்.

"ஏம் பாய், இதுவே உங்க ஊடுதானுங்களே? எங்களக் கேக்கலாமில்லைங்க?"

நான் ஏதோ தகாத வார்த்தை பேசிவிட்ட மாதிரி அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க குடியிருக்கற ஊட்ட எப்படிங்க கண்ணு கேக்கறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. அவர்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. "கிளியூரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஜமீலாம்மாவக் கூட்டிட்டு இப்பவே உள்ள வாங்க!" என்று கத்தினேன். சட்டம் அண்ணன் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சாத்திக்கொண்டார்.

எட்டு மாதம் எங்கள் முன்னறையில் இருந்தார்கள். அந்த எட்டு மாதமும் பாய் கடையிலிருந்து வந்தால், தான் கட்டிய வீட்டுக்கு வெளியே நின்று கதவைத் தட்டி, "வரலாமுங்களா?" என்று கேட்பார். தட்டாமல் வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில், அவர் வருகிற நேரத்துக்குத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொள்ள ஆரம்பித்தேன்.