மார்க்கேஸ் பட்டமும் முந்நூறு அழைப்பிதழும்

கிரவீன், சிட்னி
11.02.2007

மதிப்புக்குரிய பேர்னாட் அத்தானுக்கு,

மடுமாதாவின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என்னுடைய பிரஷரைத் தவிர. கிரெய்கிபர்னில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

மகள் டொறத்தி ஒரு ஸ்பானியப் பொடியனைக் கட்டப்போகிறாள் என்றதும், "விசாரிக்காமல் பொம்பிளை குடுக்காதை" என்று போனில் சொன்னது நீங்கள்தான். ஆகவே இந்த அவமானத்தில் பாதி உங்களுக்கும் சேரும். விசாரித்தேன். மாப்பிள்ளை ரஃபாயேலின் தகப்பன் குளியலறைகளுக்கு ரைல் பதிக்கிறவர். ஆனால் ஆள் ஒரு மார்க்கேஸ்! வல்தெசாரா என்ற ஊரின் பிரபு. நகத்துக்குள் சீமெந்து இருந்தபடியால் நான் முதலில் நம்பவில்லை. அவர் ஒரு தோல் அட்டைப் புத்தகத்தை விரித்தார். சரித்திரத்தில் முப்பத்திரண்டு புள்ளிக்கு மேல் எடுத்தறியாத நான் நாலு மணித்தியாலம் இருந்து கேட்டேன். முதலாமவர் 1706இல் சண்டைக்குப் போன அரசருக்கு நூறு கோவேறு கழுதை கொடுத்துப் பட்டம் வாங்கினாராம். மூன்றாமவர் செத்ததும் ஒன்றுவிட்ட சகோதரர் இருவர் அந்தப் பட்டத்துக்காக முப்பத்தொரு வருடம் வழக்காடி, தீர்ப்புக்கு முன்னமே இருவரும் போய்ச்சேர்ந்தார்களாம். (எங்கட மன்னார் வேலி வழக்கு நினைவுக்கு வந்தது, நல்ல குடும்பம்தான் என்று அப்போதே முடிவெடுத்தேன்.) ஆறாமவர் மாளிகை, குதிரை, தங்கப்பல் எல்லாவற்றையும் சீட்டாட்டத்தில் விட்டாராம், பட்டத்தை மட்டும் எதிராளி வேண்டாமென்றானாம். ஒன்பதாமவர் எங்கள் சம்பந்தி. பத்தாமவர் மாப்பிள்ளை என்றால், பத்தாமவரின் மனைவி யார்? இந்தச் சுவாம்பிள்ளையின் மகள்!

எங்கட ஆட்கள் அழைப்பிதழில் சமாதான நீதவான், இளைப்பாறிய தபாலதிபர் என்றெல்லாம் போடுவதில்லையா? நானும் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'வல்தெசாராவின் வருங்கால மார்க்கேஸ்' என்று தங்க எழுத்தில் முந்நூறு அடித்தேன். பாதி தபாலில் போய்விட்டது. பிறகுதான் சம்பந்தி மெல்லச் சொல்கிறார்: போன வருடக் கடைசியில் ஸ்பெயினில் புதுச்சட்டமாம், ஆம்பிளைப்பிள்ளைக்கு முன்னுரிமை இல்லையாம், மூத்தது எதுவோ அதற்குத்தானாம் பட்டம். ரஃபாயேலுக்கு இனெஸ் என்று ஒரு தமக்கை! முந்நூறு வருடம் பொறுத்தவர்களுக்கு என் மகளின் கலியாணம் முடியுமட்டும் பொறுக்கேலாதா, அத்தான்?

குசினிக்குள் நின்று கத்தினேன். மேரிறோஸ் மீன் வெட்டிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, பொடியன்ர குணத்தைப் பார்த்தோ ஓமெண்டனீங்கள், பட்டத்தைப் பார்த்தோ?" என்றாள். மகள் அதற்கு மேல்.

"அப்பா, மன்னார் வீடு ஆருக்குப் போனது?"

"மாமிக்கு. சீதனமா."

"ஆம்பிளைப்பிள்ளை நீங்கள் இருக்க? அப்ப ஏன் கத்தேல்லை?"

அத்தான், உண்மையைச் சொன்னால் நான் அப்பவும் கத்தினனான். பாண்ட் வாத்தியச் சத்தத்தில் மாப்பிள்ளையான உங்களுக்குக் கேட்டிருக்காது.

இப்போது மிச்ச நூற்றைம்பதிலும் அந்த வரியை மறைத்து ரோசாப்பூ ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. முப்பத்தொரு வயதாகியும் பொம்பிளை பார்க்க விடாத எங்கட மூத்தவன் யூட்டும், மனம் கேளாமல் உதவிக்கு வந்த அந்த இனெஸும் மேசையில் இருந்து ஒட்டுகிறார்கள். அவளுக்கு நான் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. ஸ்பெயின் அரசாங்கத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதுகிறேன். இங்கிலீசைத் திருத்தித் தாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர். உயிர்த்த ஞாயிறு கழியக் கலியாணம். அழைப்பிதழை வாசிக்காமல் வந்து சேருங்கள்.

இங்ஙனம்,
பட்டம் பறிபோன மைத்துனன்
சுவாம்பிள்ளை

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் எட்டிப் பார்த்தேன். மூன்று மணித்தியாலத்தில் ஏழு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கிறார்கள். யூட் சிரிக்கிறான், அத்தான்! "அப்பா, இனெஸ் சாப்பிட்டிட்டுப் போகட்டே?" என்று என்னிடமே கேட்கிறான். உடனே சம்பந்திக்குப் போன் போட்டு விசாரித்தேன். மார்க்கேஸாவைக் கட்டுகிறவனையும் மார்க்கேஸ் என்றுதான் கூப்பிடுவார்களாம். ஸ்பெயின்காரர் நீதியான சனம். கண்டனக் கடிதம் வேண்டாம். ஸ்டிக்கர் ஒட்டாத நூற்று நாற்பத்துமூன்றையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன். பெயர்களை மட்டும் மறைத்தால் போதும்.