மாமனார் காரின் கூரைத் துணி

சிக்னலில் பச்சை விழுந்ததும் நூலகரின் தலையில் துணி விழுந்தது.

காரின் உட்கூரையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் துணி சில மாதங்களாகவே தொப்பை போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று முன்பக்கமும் கழன்று, ஓட்டுகிறவரின் கண்ணை மறைத்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. வாசகர்கள் நாற்காலியை நகர்த்தும் சத்தத்துக்கே முகம் சுளிக்கிறவர் அவர்.

பக்கத்தில் இருந்த மனைவி துணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள்.

"போங்க, போங்க. நான் பிடிச்சிருக்கேன்."

கார் நகர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. ஸ்டேஷன்லேருந்து அவங்களும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு வரணுமா?"

"அதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பேசாம, இந்தக் காரு எங்களுக்கு வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்களேன்."

"நானா? உன் அப்பாதானே, நீ சொல்லு."

"நான் சொன்னா, நீங்க தூண்டிவிட்டீங்கன்னு நினைப்பார்."

"சரி, நானே சொன்னா?"

"நீங்களே சொல்லிட்டீங்கன்னு நினைப்பார்."

வீட்டிலிருந்து நூலகம் நடக்கிற தூரம். காரை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் அவர் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். மழையில் கதவு திறக்காது, வெயிலில் ஜன்னல் மூடாது. அதைத் தொலைத்துத் தலைமுழுக வேண்டும் என்று அவர் பல வருடங்களாகக் கடவுளிடம் மட்டும் சொல்லிவந்தார். ஆனால் மாமனார் கண் பார்வை மங்கிக் கார் ஓட்டுவதை விட்டபோது, சாவியை இரண்டு கையாலும் கொடுத்து, "பெத்த பிள்ளை மாதிரி வெச்சிருந்தேன் மாப்பிள்ளை" என்று தழுதழுத்திருந்தார். அண்மையில் அவருக்கு நெஞ்சுவலி வேறு வந்துபோயிருந்தது. மனது நோகாமல் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அதன் பிறகு இதுதான் முதல் பயணம்.

மாமனாரும் மருமகனும் ஒருவர்மேல் ஒருவர் அளவு கடந்த மரியாதை வைத்திருந்தார்கள். அதனால் உண்மையைப் பேசிக்கொண்டதே இல்லை.

சீட் கவர் தைக்கிற கடைக்காரர் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"ஒட்டெல்லாம் வேலைக்கு ஆகாது சார். மேல இருக்கிற அட்டையையே இறக்கி, புதுத் துணி போடணும். வரிசையா வண்டி நிக்குது. அடுத்த மாசம் கொண்டு வாங்க."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுமே?"

"அப்படின்னா ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஓட்டுங்க."

நூலகர் மனம் தளரவில்லை. அட்டை பிய்ந்த எத்தனையோ புத்தகங்களை அவர் கையாலேயே பிழைக்க வைத்திருக்கிறார். காரின் கூரையும் ஓர் அட்டைதானே? வீட்டிலேயே மாவைக் காய்ச்சிப் பசை கிண்டினார். கூரை முழுவதும் தடவித் துணியை ஒட்டினார்.

ஒட்டிய புத்தகத்தின் மேல் பாரம் வைக்க வேண்டும் என்பது அவர் தொழில் விதி. இங்கே பாரத்தைக் கீழேயிருந்து மேலே வைக்க வேண்டியிருந்தது. சீட்டின் மேல் பழைய அகராதிகளை அடுக்கி, அவற்றின் மேல் குடைகளை விரித்து, துடைப்பக் கட்டையால் முட்டுக் கொடுத்தார்.

"உள்ள யாராவது குடித்தனம் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள் மனைவி.

மறுநாள் குடித்தனம் வந்திருந்தது. துணியில் பசை ஊறித் திட்டுத் திட்டாகப் பழுப்பேறியிருக்க, மாவின் வாசத்துக்கு எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன.

"மருந்து அடிங்க."

"பாவம், அதுங்களும் வயித்துப்பாட்டுக்குத்தானே வருது?"

அவர் காருக்கு வெளியே ஒரு கரண்டி சர்க்கரை வைத்தார். உள்ளே இருக்கிற எறும்புகள் வெளியே வந்துவிடும் என்று நம்பினார். வெளியே இருந்த எறும்புகள் சர்க்கரையைத் தின்றுவிட்டு உள்ளே போயின.

"சாப்பாடும் போட்டு, தங்க இடமும் கொடுத்தாச்சு. போர்வை ஒண்ணுதான் பாக்கி" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் துணியை மொத்தமாக உரித்தார். அதன் பின்னால் இருந்த பஞ்சு மக்கி மஞ்சள் பொடியாகிப் போயிருந்தது. அத்தனையும் அவர் மேல் கொட்டியது. புருவம் வரை மஞ்சளாகி, தும்மிக்கொண்டே கூரை அட்டையைக் கழற்றி, பின்கதவு வழியாக இழுத்தார். அட்டை பாதி வந்தது. மீதி வர மறுத்தது. கொஞ்சம் வளைத்தார்.

அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மெஷினையே நிறுத்திவிட்டது. கழுத்தில் அளவு நாடாவோடு அவர் வெளியே வந்து, இரண்டாக மடிந்துகிடந்த அட்டையையும் மஞ்சள் மனிதரையும் பார்த்தார்.

"உடைஞ்சா என்னண்ணே? பின்னாடி ஒரு பட்டை கொடுத்து ஒட்டினாப் போச்சு. துணி இருக்கா?"

"இவ்வளவு அகலத்துக்கு எங்கேயும் கிடைக்கலம்மா."

தையல்காரம்மா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அவர் வீட்டு ஜன்னல் திரை இருந்தது.

"ஐயையோ, உங்க வீட்டு ஜன்னலுக்கு?"

"ஜன்னலுக்குக் கொஞ்ச நாள் வெளிச்சம் வரட்டும். பெரியவங்க வர்ற நேரத்துல வண்டி மூளியா நிக்கலாமா?"

கேட்பதற்கு முன்பே நீளுகிற கை கடவுளுடையது என்று நம்புகிறவர் நூலகர். அதனால், திரையில் இருந்த மஞ்சள் பூக்கள் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்ததைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நன்றி மட்டும் சொன்னார்.

ஒட்டி, வெட்டி, மாட்டினார்கள். அட்டையைத் தாங்க வேண்டிய கிளிப்புகள் கழற்றும்போதே உடைந்திருந்ததால், ஓரமெல்லாம் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டினார்கள். உள்விளக்குக்கு ஓட்டை போட மறந்துவிட்டது. கதவைத் திறந்தால் ஒரு பூ மட்டும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மாமனார் ஸ்டேஷன் வாசலில் காரைப் பார்த்ததும் நின்றார். மாமியாரோடு பின்சீட்டில் ஏறி, அண்ணாந்து பார்த்தார். எரிகிற பூவை வெகுநேரம் பார்த்தார்.

"என்னம்மா இது?" என்று முன்சீட்டில் இருந்த மகளிடம் கேட்டார். மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்பது மரியாதை அல்லவே.

"அவரே பண்ணினார்ப்பா. ஒரு வாரமாத் தூக்கம் இல்ல."

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். நூலகர் கண்ணாடியில் அதைப் பார்த்தார். நெஞ்சுவலியோ? பூ பிடிக்கவில்லையோ?

பாலத்தின் மேல் முதல் குலுக்கல் வந்தது. வெயிலில் இளகியிருந்த டேப் நான்கு பக்கமும் ஒரே சமயத்தில் கைவிட்டது. கூரை மொத்தமும் அவசரமே இல்லாமல், ஆசீர்வாதம் செய்வதுபோல, நான்கு தலைகளின் மேலும் இறங்கியது.

"பிடிங்க! எல்லாரும் பிடிங்க!" என்றாள் மனைவி.

மூன்று பேர் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். நூலகருக்குக் கை ஒழியவில்லை. தலையால் தாங்கினார். எதிரே ஸ்கூட்டரில் வந்த ஒருவர் மலர்ந்த முகத்தோடு பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். பாலத்தின் முடிவில் போக்குவரத்துக் காவலர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்.

குனிந்து உள்ளே பார்த்தவர் ஓர் அடி பின்வாங்கினார்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே சார்! எதுக்கு எல்லாரும் கையைத் தூக்குறீங்க?"

விஷயம் தெரிந்ததும் பாவப்பட்டு, "மெதுவாப் போங்க" என்று வழிவிட்டார். நூலகர் வண்டியை எடுப்பதற்குள், பின்சீட்டுப் பூக்களுக்கு அடியிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"மாப்பிள்ளைக்கு இந்தக் காருன்னா அவ்வளவு பிரியமாம்மா?"

டாக்டர் சொன்னது நூலகருக்கு நினைவு வந்தது. இந்த ஒரு வார்த்தையில்தான் பெரியவரின் நெஞ்சு இருக்கிறது.

"உசிரு மாமா" என்றார். "நீங்க கொடுத்தது. நான் இருக்கிறவரைக்கும் இதை விட மாட்டேன்."

பின்சீட்டில் இரண்டு கைகள் தளர்ந்து இறங்கின. அந்தப் பக்கக் கூரையும் கூடவே இறங்கியது.

"அப்படியா..." மாமனாரின் குரல் தேய்ந்தது. "இதோட பழைய சீட்டெல்லாம் வீட்டுல பத்திரமா இருக்கு. அனுப்பி வைக்கிறேன்."

"ரொம்ப சந்தோஷம் மாமா" என்றார் நூலகர், தண்டனை கேட்டவர் குரலில்.

ஸ்டேஷனிலிருந்து வாயே திறக்காமல் வந்த மாமியார், பூக்களை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க! நாம கொடுத்தோங்கிறதுக்காக மாப்பிள்ளை இதைக் கட்டிக்கிட்டு அழறாரேன்னு, இப்படியாவது இதை விட்டுத் தொலைக்கட்டும்னு, போன தடவை வந்தப்போ காத்து வாங்கப் போறேன்னு வெளிய போய் இந்தத் துணியை மூலையில பிச்சு விட்டதே உங்க மாமாதான்!"