மெம்பர் செத்த பீலி

கோட்டுப் போட்டுக்கொண்டால் மனிதனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். எந்த வைத்தியரும் சொன்னதில்லை; என் சொந்த அனுபவம்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் பள்ளிக்கூட வாத்தியாராகச் சேர்ந்த புதிது. அதே தோட்டத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவன்தான். எங்கள் வம்சத்தில் எழுத்தைப் பார்த்துப் பயப்படாத முதல் ஆள். பதுளையில் தங்கிப் படித்துத் திரும்பியபோது தலை எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்றால், லயத்து நிலையில் குனியாமல் நுழைந்து நெற்றியைப் புடைக்க வைத்துக்கொண்டேன். (பிறந்த வீட்டு வாசல்! அதன் உயரம் எனக்குத் தெரியாதா?)

அப்போது கொழும்புச் சட்டநிரூபண சபையில் எங்களுக்காக ஒரு மெம்பர் இருந்தார். வக்கீல். சபை கலைந்ததும் மற்றவர்களைப் போல வீட்டில் சாய்ந்துவிடமாட்டார். என்ன சட்டம் வந்தது, அதனால் யாருக்கு என்ன பலன் என்று தோட்டந்தோட்டமாகப் போய்ச் சொல்வார். சனங்களின் குறையையும் கேட்டுக்கொண்டு போவார். எங்கள் தோட்டத்துக்கும் வருவதாகச் சொல்லியனுப்பினார். தோட்டத்தை ஆண்ட துரை வேண்டாவெறுப்பாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரைமணி நேரம் அனுமதித்தார்.

எங்களுக்கு இருந்த குறை தண்ணீர். மேல் லயத்துக் கழிவு சேர்ந்து வரும் கான் வாய்க்காலில்தான் குடிக்கவும் மொண்டோம். முந்தின மழைக்காலத்தில் வயிற்றோட்டம் கண்டு என் அக்காவின் கைப்பிள்ளை போய்விட்டான். மலையில் நல்ல ஊற்று இருந்தது. அதிலிருந்து குழாய் இழுத்து லயத்தடியில் தண்ணீர் விழ ஒரு பீலி வைத்துத் தரும்படி பெரிய கங்காணி கேட்டபோதெல்லாம், தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்பார் துரை. (பங்களாவுக்கு வேறு தண்ணீர்.)

"மெம்பர்கிட்ட நீதான்பா பேசணும்," என்றார் அப்பா. "எம்மகன் பேசுவான்னு எல்லார்கிட்டயும் சொல்லிப்புட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நானும் தயாரானேன். 'செந்தமிழ்க் குணக்கடலே' என்று தொடங்கி ஒரு வரவேற்புரை எழுதினேன். மெம்பரைச் சூரியனுக்கு ஒப்பிட்டேன். போதாதென்று சந்திரனுக்கும் ஒப்பிட்டேன். தண்ணீர் கடைசிப் பக்கத்தில் வந்தது.

அன்று காலை தப்படிக்கும் சோணை அண்ணன் வந்தார். தோட்டத்தில் எல்லாச் சேதிக்கும் தப்பு மேளந்தான். சேதிக்குச் சேதி அடி வேறு.

"ஆளுகளைக் கூட்ட எந்த அடி அடிக்கட்டும், வாத்தியாரே? பெரட்டு அடி அடிச்சா, ஞாயித்துக்கிழமையும் வேலையான்னு காட்டுக்குள்ள ஓடிருவாங்க. சாமி அடின்னா பொம்பளைக தலைக்குக் குளிச்சிட்டுத்தான் கெளம்புவாக. பொழுது சாஞ்சிரும்."

கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த நான் நிமிரவேயில்லை. "எந்த அடிக்கு எல்லாரும் தவறாம ஓடி வருவாங்களோ, அதை அடிங்கண்ணே. இதுகூடவா என்கிட்ட கேக்கணும்?"

வாசல் வரை போன சோணை அண்ணன் திரும்பினார். "நெசமாத்தான் சொல்றீங்களா?"

"ஆமாண்ணே, ஆமா!"

எந்த அடிக்கு எல்லோரும் தவறாமல் வருவார்கள்? பள்ளிக்கூடமே போகாத பிள்ளைகூடச் சொல்லும். சாவு அடிக்குத்தான்.

மெம்பர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அப்புத்தளை ஸ்டேஷனிலிருந்து மோட்டாரில் வளைவுகளைச் சுற்றி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. மைதானத்தில், பங்களாவிலிருந்து இரவல் வாங்கிய கைநாற்காலியில் அவரை உட்கார வைத்து, பெரிய கங்காணி செவ்வந்தி மாலை போட்டுவிட்டுத் துரையை அழைக்கப் போனார். மோட்டார் ஓட்டி வந்தவன் வண்டிக்குத் தண்ணீர் தேடிப் போனான். மரியாதைக்குக் குறைவு வரக்கூடாதென்று நான் நாற்காலியடியில் ஊதுபத்தி கொளுத்தினேன்.

"தலை சுத்துது தம்பி. கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன்," என்ற மெம்பர் அப்படியே அயர்ந்துபோனார்.

கோட்டுப் போட இதுதான் சமயமென்று லயத்துக்கு ஓடினேன்.

கண்ணாடி முன் நின்றபோது லயங்களைச் சுற்றித் தப்பு முழங்கியது. எனக்கு எல்லா அடியும் ஒன்றுதான். சிறிது நேரத்தில் பெண்களின் குரல் உயர்ந்தது. ஆகா, குலவை போடுகிறார்கள் என்று பூரித்துத் தலையை இன்னொரு முறை வாரினேன். (கோட்டு. காது.)

மைதானத்தில் அதற்குள் நடந்ததைப் பிற்பாடு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அடிப்படை ஒன்றுதான். சாவு அடி கேட்டுப் பதறி ஓடி வந்தவர்கள் கண்டது: நாற்காலியில் சாய்ந்த ஒருவர், கழுத்தில் மாலை, காலடியில் ஊதுபத்தி, மூடிய கண், வெளுத்த முகம். எங்கள் பக்கத்தில் இறந்தவரை உட்கார வைப்பதும் இப்படித்தான். மெம்பர் முகத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை; அவர் வர இன்னும் நேரமிருக்கிறதென்றே நினைத்திருந்தார்கள்.

"யாரு மதினி இது?"

"தெரியலடி. பெரிய எடத்து ஆளு. கூட அழ ஒரு சனமில்லையே, பாவி மனுசனுக்கு!"

"ஒடம்பு சுடுதே."

"இப்பத்தான் போயிருக்கும்."

அநாதையாக ஒருவரை விட்டுவிடுகிற சனங்களா எங்கள் சனங்கள்? பிணத்தைக் குளிப்பாட்டும் நீர்மாலைக்குக் குடங்களோடு கானுக்கு ஓடினார்கள். வேறு தண்ணீர் எங்கே இருக்கிறது? ஒப்பாரியில் பேர்போன பேச்சியம்மா மாரில் அடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்:

"ஒன்னக் குளிப்பாட்ட ஊத்துத் தண்ணி இல்லையே ராசா,
அட்ட நெளியும் கானுத் தண்ணி அள்ளி வந்தோம் ராசா!"

வரவேற்புரையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நான் மைதானத்தில் கால் வைத்தபோது, முதல் குடம் மெம்பரின் தலைமேல் சாய்ந்தது. சாய்த்தது என் அக்கா.

மெம்பர் "ஐயோ!" என்று துள்ளி எழுந்தார்.

"பொணம் எந்திரிச்சிருச்சு!"

மைதானம் காலியானது. பேச்சியம்மா ஓடிய வேகத்தை அந்த மலை அதற்குமுன் கண்டதில்லை. அக்கா மட்டும் வெறுங்குடத்தோடு உறைந்து நின்றாள். மெம்பரின் தலைப்பாகையிலிருந்து சேறு வடிந்தது. கன்னத்தில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காகிதத்தை விரித்து, "செந்தமிழ்க் குணக்கடலே!" என்று வாசிக்கத் தொடங்கினேன்.

"நிறுத்து தம்பி." முகத்தை வழித்துக்கொண்டு அவர் அக்காவைப் பார்த்தார். "இது எங்கம்மா எடுத்த தண்ணி?"

"கான்லங்க."

"இதையா குடிக்கிறீங்க?"

"ஆமாங்க. எம்பிள்ளையும் இதைத்தாங்க குடிச்சான்."

நான் பக்கம் பக்கமாக எழுதியதில் இவ்வளவு இல்லை.

அப்போதுதான் துரை வந்தார். மெம்பர் கன்னத்து அட்டையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டி, இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று துரை அன்று சொல்லவில்லை.

பிறகு சனங்கள் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து ஒவ்வொருவராகத் தலைநீட்டினார்கள். ஈர வேட்டியோடு உட்கார்ந்து, மெம்பர் சபைச் சேதிகளைச் சொன்னார். இருமல்கூட இல்லாமல் கேட்டார்கள். செத்துப் பிழைத்தவர் பேச்சை யார்தான் கேட்கமாட்டார்கள்?

வீடு திரும்பும்போது அப்பா லயத்து வாசலில் நின்று, "கோட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

அடுத்த மழைக்கு முன் குழாய் வந்தது. அதற்குத் துரை தன் பெயரை வைத்துப் பார்த்தார், நடக்கவில்லை. இன்றும் அது 'மெம்பர் செத்த பீலி'தான். என் மகள்கூட, "மெம்பர் செத்த பீலிக்குப் போயிட்டு வர்றேன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் குடம் எடுப்பாள்.

மெம்பர் எங்களை மறக்கவில்லை. சபை கூடிய ஒவ்வொரு முறையும் சேதிகளை எழுதி அனுப்புவார். சோணை அண்ணன் அதே சாவு அடியில் ஆள் கூட்ட, நான் மைதானத்தில் வாசிப்பேன். எங்கள் தோட்டத்துக்கு வரும் காகிதத்தில் மட்டும் முதல் வரி எப்போதும், 'நான் உயிரோடிருக்கிறேன்.' வாசித்ததும் சனங்கள் கைதட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

வருசம் போகப் போகக் கூட்டம் குறைந்தது. வெகுகாலம் கழித்து வந்த ஒரு காகிதத்தில் அந்த வரி இல்லை. எழுதியவர் அவருடைய மகன்.

சோணை அண்ணனிடம் ஓடினேன். "எந்த அடி?" என்று அவர் கேட்கவில்லை. சாவு அடி மலையெல்லாம் கேட்டது. மைதானத்தில் நாங்கள் இருவரும் காத்து நின்றோம். ஒருவரும் வரவில்லை. கடைசியில் லயத்துப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

"உங்க மீட்டிங்குக்கு எனக்கு நேரமில்லைங்க! அடுப்புல சோறு இருக்கு!"