பெலிலியோஸ் மூழ்கக் கூடாது

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இந்தத் தீவில், கடலுக்கு அட்மிரல் பயந்த அளவுக்குப் பயந்தவர் வேறு யாரும் இல்லை. அவர் நடத்திய அளவுக்குக் கடற்போர் நடத்தியவரும் யாரும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி ஐம்பது வயதைத் தாண்டினார் என்று நான் பல நாள் கவலைப்பட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ராபின்சன் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி. நான் தலைமைக் குமாஸ்தா, அவர் டெலக்ஸ் ஆபரேட்டர். அட்மிரல் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றால் துறைமுகம் தெரியும். நங்கூரமிட்ட கப்பல்களை நான் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எண்ணுவேன். ஒன்று குறைந்தாலும் மனசு அடித்துக்கொள்ளும், அது கிளம்பிப் போயிருக்கும் என்று தெரிந்திருந்தும். அட்மிரல் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார். தூரத்தில் ஒரு கப்பல் அசைவதைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும்.

ஒருமுறை அலுவலகமே படகேறி எதிரே இருக்கும் செந்தோசாத் தீவுக்குப் போனது. படகைக் கரையிலிருந்து அவிழ்க்கக்கூட இல்லை, மனிதர் உயிர்காக்கும் மேலங்கியை மாட்டிக்கொண்டார். அதற்கு மேல் இன்னொன்றையும் மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணு போதாதா அட்மிரல்?" என்றேன்.

"ஒண்ணு எனக்கு அண்ணே. இன்னொண்ணு என் பயத்துக்கு."

இப்படிப்பட்டவர் செய்த போர் என்ன? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாருக்குத் தெரியாமல் ஆடுவார்களே, அந்தக் கப்பல் சண்டைதான். ஒரு தாளில் பத்துக்குப் பத்து கட்டம். மேலே ஏ முதல் ஜே வரை எழுத்து, ஓரத்தில் ஒன்று முதல் பத்து வரை எண். அதில் நம் கப்பல்களை ஒளித்து வைக்க வேண்டும். எதிராளி "டி நான்கு" என்று சுடுவார். அங்கே நம் கப்பல் இருந்தால் 'பட்டது', இல்லாவிட்டால் 'தண்ணீர்'. பிறகு நம் முறை. முதலில் எவருடைய கப்பல் எல்லாம் மூழ்குகிறதோ அவர் தோற்றார்.

அட்மிரல் இதை டெலக்ஸில், இங்கே தட்டினால் அடுத்த ஊரில் அச்சாகும் அந்த இயந்திரத்தில், ஆடினார். எங்களுக்கும் பினாங்குக் கிளைக்கும் தனி இணைப்பு ஒன்று இருந்தது. வேலைச் செய்திகள் ஓய்ந்ததும் அவர் காலணிகளைக் கழற்றி மேசைக்கு அடியில் ஜோடியாக வைப்பார். கப்பல் தளத்தில் செருப்புக் காலோடு நிற்கக் கூடாதாம். எந்தக் கடற்படையின் சட்டம் என்று கேட்டால் முறைப்பார். பிறகு ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்.

அந்தக் காத்திருப்பில்தான் எல்லாம் இருந்தது. இயந்திரம் செத்ததுபோல் கிடக்கும். அந்தப் பக்கம் யாரோ ஒருவர், முகம் தெரியாது, குரல் தெரியாது, தன் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று மணி அடிக்கும், அச்சு தடதடக்கும். 'தண்ணீர்' என்று வந்தால் மொத்த அறையும் பெருமூச்சு விடும். 'பட்டது' என்று வந்தால் கணக்குப் பிரிவுவரை சத்தம் கேட்கும். எதிராளியை அவர் 'பினாங்கு' என்று மட்டுமே சொல்வார். "பினாங்கு இன்னிக்குக் கோவமா இருக்கான் அண்ணே. தட்டற தட்டுல தெரியுது லா."

எங்கள் மேலாளர் மிஸ்டர் டான் ஒருநாள் இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டார்.  இயந்திரத்தைச் சுற்றி ஒன்பது பேர் நின்றிருந்தோம், நாற்காலிகளில் இரண்டு பேர். இத்தனை பேருக்கும் வேலை போனால் எத்தனை குடும்பம் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"என்ன அவசரம்?" என்றார் டான்.

"பினாங்கிலிருந்து பதில் வரணும் சார்," என்றார் அட்மிரல். அது பொய் இல்லை.

டானும் நின்றார். பதில் வந்தது: தண்ணீர். அவர் தாளை எட்டிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மெல்லக் குனிந்தார். "ஈ வரிசையை ஏன் இன்னும் தொடவில்லை?" என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். அதற்குப் பிறகு எங்கள் கடற்படைக்கு மேலிடத்து ஆதரவும் இருந்தது.

கப்பல்களுக்கு அட்மிரல் நம் சிராங்கூன் ரோட்டுத் தெருக்களின் பெயர்களை வைத்திருந்தார். பெரிய போர்க்கப்பல் டன்லப். அடுத்தவை கெர்பாவ், பஃபலோ, நோரிஸ். ஒரே ஒரு கட்டம் பிடிக்கும் குட்டிப் படகுக்குப் பெலிலியோஸ், அந்தச் சின்னச் சந்தின் பெயர். இந்தப் பெயர்களால் ஒரு விபத்தும் நடந்தது. மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். ரசத்தை ஊற்றிக்கொண்டே அவர் துக்கத்தோடு, "காலையில டன்லப் மொத்தமா போச்சு அண்ணே. நாலு பக்கமும் தீ," என்றார். பக்கத்து மேசையில் டன்லப் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். பாதி மீனை இலையில் விட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தவர் அட்மிரலைத் திட்டிய திட்டில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அட்மிரல் நிதானமாக மோர் வாங்கிக் குடித்தார்.

ஒரு கப்பல் மூழ்கினால் அவர் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருப்பார். நாங்களும் நிற்க வேண்டும். நிறைய நின்றோம். ஏனென்றால் மனிதர் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எண்ணுகிறவன் கண்ணுக்கு அது தப்பாது. அவர் கப்பல்கள் எல்லாமே ஓரக் கட்டங்களில்தான் நிற்கும். நடுக்கட்டங்களில் ஒன்றுகூட இருக்காது.

"நடுவுல ஒண்ணு வைங்களேன்," என்று சொல்லிப் பார்த்தேன்.

"நடுக்கடல்லயா?" என்று அதிர்ந்துபோனார். "கரையோரமா இருந்தாத்தான் அண்ணே ஆபத்துன்னா இறங்கி ஓடலாம்."

இப்படி இருக்கையில்தான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, இதயத்தில் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்றார்கள். நான் போனபோது கட்டிலின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"மயக்க மருந்து குடுத்தா எப்படி இருக்கும்னு நர்சுகிட்ட கேட்டேன் அண்ணே. மிதக்கற மாதிரி இருக்கும்னு சொல்லுச்சு." அவர் முகம் வெளுத்திருந்தது. "எனக்கு மிதக்கறதே ஆகாது. நான் வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

அவர் மனைவி என்னை வெளியே அழைத்துப் போனார். "டாக்டர் சொல்றது எதுவும் இவர் காதுல ஏறல. வேண்டாம்னுட்டா ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்றாங்க. பினாங்கு என்ன சொல்லுச்சுன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க ஏதாச்சும் சொல்லுங்கண்ணே."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என்னிடம் இருப்பது கணக்குதான். உள்ளே போய் அதைச் சொன்னேன். "அட்மிரல், உங்களுக்கு மிச்சம் பெலிலியோஸ் மட்டும். ஆனா பினாங்குக்கும் மிச்சம் ஒரே படகு. இவ்வளவு கிட்ட நீங்க வந்ததே இல்ல. இதை முடிக்காமப் போனா எப்படி?"

கம்பியிலிருந்து ஒரு கை விலகியது. 

"சரி. ஆபரேஷனுக்கு ஒத்துக்கறேன். கப்பற்படை உங்க கையில. ரெண்டு உத்தரவு. ஒண்ணு, தினமும் சுடணும். ஒரு வேலை நாள் சுடாம விட்டா சரணடைஞ்சதா அர்த்தம், அது எங்க ஒப்பந்தம். ரெண்டு, நான் வர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சிடக் கூடாது. தோத்தும் முடியக் கூடாது, ஜெயிச்சும் முடியக் கூடாது. ஜெயிக்கறப்ப நான் இருக்கணும்."

யோசித்துப் பாருங்கள். தினமும் சுட வேண்டும், படவும் கூடாது. பதிலுக்கு வரும் குண்டு பெலிலியோஸ் நிற்கும் ஜே பத்தில், வலது கீழ் மூலைக் கட்டத்தில், விழவும் கூடாது. இதைவிட அவர் என் இதயத்தையே எடுத்துக்கொண்டிருக்கலாம்.

முதல் நாள் எஃப் இரண்டைத் தட்டினேன். தண்ணீர். பினாங்கு திருப்பிச் சுட்டது: பி மூன்று. நல்ல வேளை, தண்ணீர். தாளில் குறிக்கப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு குறி. பினாங்கு அந்தக் கட்டத்தைப் போன வாரமே சுட்டிருந்தது. மறுநாளும் பி மூன்று. அதற்கு மறுநாள் ஏ ஒன்பது, அதுவும் பழைய கட்டம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் கணக்கில் தப்புச் செய்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது, அவர் எதிரியாக இருந்தாலும். டெலக்ஸில் எழுதினால் எல்லாரும் படிப்பார்கள் என்று மிஸ்டர் டானிடம் அனுமதி வாங்கிப் பினாங்குக்கு ட்ரங்க் கால், அதாவது வெளியூர்த் தொலைபேசி, போட்டேன். டெலக்ஸ் அறையைக் கேட்டேன். ஒரு பெண் குரல் வந்தது. தமிழ்.

"நான் பிலோமினா பேசறேன். யாருங்க?"

நாலு வருஷமாக அட்மிரல் 'அவன் இவன்' என்று சொன்ன பினாங்கு இதுதான். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன். பிறகு கடமை நினைவுக்கு வந்தது. "அம்மா, நீங்க பி மூன்றை முன்னாடியே சுட்டுட்டீங்க. ஏ ஒன்பதும் அப்படித்தான். தாளைக் கொஞ்சம் சரிபார்த்துக்குங்க."

"சார், நீங்கதான் அந்த எண்ணிக்கிட்டே இருக்கற சாரா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும் சார், சுட்டாச்சுன்னு. அவரோட கடைசிப் படகு எங்க இருக்குன்னும் தெரியும். எப்பவுமே மூலையிலதான் வைப்பாரு, மூணு மூலையைச் சுட்டாச்சு. அடுத்ததுல முடிச்சிருப்பேன். அன்னிக்குன்னு பார்த்து அவருக்கு உடம்பு முடியலைன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க." குரல் தாழ்ந்தது. "எங்க மாதா கோயில்ல அவர் பேருக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். பேரு தெரியாததால அட்மிரல்னே எழுதிக் குடுத்தேன். சாமியார் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு."

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"வர்ற குண்டை வாங்கிக்கிட்டுத் தண்ணின்னு சொல்லுங்க சார். போதும்."

ரிசீவரை வைத்தேன். மறுநாள் நானும் எஃப் இரண்டையே சுட்டேன். அதற்கு மறுநாளும் அதே எஃப் இரண்டு.

அவருக்குக் காய்ச்சல் வந்து அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. இரண்டு அலுவலகங்களும் காலிக் கடலில் குண்டு போட்டுக்கொண்டிருந்தோம். மிஸ்டர் டான் ஒருநாள் தாளைப் பார்த்துவிட்டு, "உமக்குக் கணக்கு வரும் என்றல்லவா நினைத்தேன்!" என்றார். காரணத்தைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு தினமும் வந்து, "சுட்டாயிற்றா?" என்று மட்டும் கேட்பார்.

அறுவை சிகிச்சை நடந்த காலை, பினாங்கிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருந்தது. 'செய்தி உண்டா?' 'இல்லை.' 'செய்தி உண்டா?' 'இல்லை.' துறைமுகத்தில் கப்பல்களை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

மதியம் தாண்டித் தொலைபேசி அடித்தது. அவர் மனைவி. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியவில்லை. "கண்ணைத் தொறந்துட்டாருண்ணே. என்னைய யாருன்னு கேக்கல, பிள்ளைங்களைக் கேக்கல. பெலிலியோஸ் இருக்கான்னு கேக்கறாரு. வீட்டுக்கு வரட்டும், வச்சிக்கறேன்!"

நானே ஒற்றை விரலால் பினாங்குக்குத் தட்டினேன்: 'பிழைத்தார்.' பதிலாக ஒரு சொல்லும் வரவில்லை. மணி மட்டும் அடித்தது. விடாமல், கோயில் மணிபோல, அந்தத் தளம் முழுக்கக் கேட்கும்படி அடித்தது.

பல வாரம் கழித்து அட்மிரல் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். உட்கார்ந்து காலணிகளைக் கழற்றி ஜோடியாக வைத்தார். தாளைக் கேட்டார். எஃப் இரண்டில் குறி மேல் குறி போட்டுக் காகிதமே ஓட்டையாகியிருந்தது. பி மூன்றும் அப்படியே.

"என்னண்ணே இது? ஒரே கட்டத்துல இத்தனை தடவையா? உங்களையெல்லாம் நேவியில சேத்தா எதிரிக்குக் கொண்டாட்டம் லா!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் இயந்திரத்தில் தட்டினார்: 'வந்துவிட்டேன். எச் ஏழு.'

பதில் உடனே வந்தது. 'தண்ணீர். வருக. ஜே பத்து.'

பெலிலியோஸ் நின்ற அதே மூலை. நாலு வருஷத்தில் முதல்முறையாகக் கிட்டத்தில் வந்த வெற்றி போயிற்று. அட்மிரல் எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம், மிஸ்டர் டானும் நின்றார். ஒரு நிமிடம் முடிந்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா? நான் இல்லாதப்ப பினாங்குக்குக் குறியே வரல. நான் எதிர்ல உக்காந்தாத்தான் அவனுக்குச் சுடவே வருது!"

எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். 'அவன்' பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவர் புதுத் தாளில் கட்டம் போட்டார். பழைய தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். அவர் விரல் அங்கேயே சற்று நின்றது.

"இதை நீங்க வச்சிக்கோங்கண்ணே. ஆனா அந்தக் குறியையெல்லாம் எண்ணிடாதீங்க."

எல்லாவற்றையும் எண்ணுகிற நான், அவற்றை மட்டும் இன்றுவரை எண்ணவில்லை.