முடி சாரும் கன்னியம்மாவின் கடலையும்

சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாக்களிலும் மனிதத் தலைமுடியை முடி சார் அளவுக்கு நேசித்தவர் எவரும் கிடையாது. அவர் தலையில் மட்டும் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை. மத்தியான வெயிலில் பைக்கில் வந்தாரென்றால் எதிரே வருகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள்.

அவரும் நானும் திருப்பதியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். காட்டு விலங்கும் பிழைக்க வேண்டும், காட்டோர விவசாயியும் பிழைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கை. சொல்வது சுலபம். காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றி மின்சாரக் கம்பி கட்டினால் அதில் சிறுத்தை விழும், மான் விழும், ஒரு நாள் மாடு மேய்க்கிறவரும் விழுவார். இதற்கு முடி சார் கண்ட மாற்று வழி சலூன் குப்பை. வெட்டிய முடியை வரப்போரம் ஒரு சாண் அகலத்துக்குத் தூவிவிட்டால், மண்ணை மோப்பம் பிடித்துக்கொண்டே வரும் பன்றியின் மூக்கில் அது ஏறும். தும்மிக்கொண்டே திரும்பிப் போய்விடும். அவர் தூவுவார், நான் ரிப்போர்ட் எழுதுவேன்.

புத்தூர், நகரி சலூன்காரர்களுக்கெல்லாம் அவர் வாடிக்கையாளர். கொடுத்ததையெல்லாம் வாங்கிவிட மாட்டார். முகர்ந்து பார்ப்பார். ஸ்ரீ சிட்டி கம்பெனிப் பையன்களின் முடி என்றால் முகத்தைச் சுளித்துவிடுவார்.

"இன்னாப்பா இது? ஷாம்பு, ஜெல்லு, சென்டு! இத்த மோந்தா பன்னி கல்யாண ஊடுன்னு நெனச்சி உள்ள வந்துரும்!"

ஒரு முறை ஏர்பேடு பஸ்ஸில் அவர் மூட்டை அவிழ்ந்துவிட்டது. மிச்ச வேலையை ஜன்னல் காற்று பார்த்துக்கொண்டது. கண்டக்டர் உட்பட மொத்தப் பஸ்ஸும் தும்மியது. எல்லோரும் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருக்க, இவர் என் காதோரம் குனிந்து, "பாத்தியாப்பா, நல்லா வேல செய்யுது!" என்றார்.

நகரிக்கு அந்தப் பக்கம் மலையடியில் கன்னியம்மா என்று ஒரு அம்மா. ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அப்போதுதான் சொந்தமாக ஒரு ஏக்கர் கைக்கு வந்து, முதல் தடவையாக வேர்க்கடலை போட்டிருந்தார். நாங்கள் தூவியிருந்த முடியை மழை அடித்துப் போன மறுநாளே பன்றிகள் வந்து ஒரு மூலையை உழுதுவிட்டுப் போய்விட்டன. கன்னியம்மா கம்பி வாங்கி வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினோம்.

முடி சார் தன்னிடமிருந்த பெரிய அஸ்திரத்தை எடுத்தார்.

"ஏம்மா, திருமலைக்குப் போனா மொதல்ல யாரைக் கும்புடுறோம்? வராக சாமிய! பன்னி அவரு ரூபம். அத்தப் போயி கரண்டு வச்சிக் கொல்லலாமா?"

"அந்த சாமி என் கடலைய துன்ல சார். இதுங்கதான் துன்னுதுங்க," என்றார் கன்னியம்மா. "நாப்பது வருசம் ஊரான் கொல்லைல கடலை புடுங்கினேன். இது என்னுது. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுக்கறேன். அப்பால கம்பிதான்."

கிளம்பினோம் சலூன் சலூனாக. அங்கேதான் வினை. அது புரட்டாசி மாதம். சுற்றுவட்டார ஆண்கள் அத்தனை பேரும் திருமலையில் மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டு முடி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் அலைந்ததில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கன்னியம்மாவின் ஊர்க்காரர்கள் திருமலைக்கு வேனில் புறப்பட்டார்கள். முடி சார் ஊர் முனையிலேயே நடுரோட்டில் கையை விரித்து வேனை மறித்தார். உள்ளே இருந்த தலைகளைப் பார்த்ததும் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறாத குறை.

"சாமிக்கு மொட்டைதானே வேணும்? பாதிய இங்க வெட்டிக் குடுத்துட்டு மிச்சத்த மேல குடுங்கப்பா. அவரு கோச்சிக்க மாட்டாரு!"

"சாமிக்கு நேந்தத பன்னிக்குப் போடுவியா? வாயக் கழுவு சார்!" என்றார் முன் சீட்டுக்காரர்.

முடி சார் கையை இறக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். "ஏன் சார், ஆம்பள முடியத்தான் பன்னி மோக்குமா?"

"இன்னாம்மா சொல்ற?"

"தல வார்றப்ப உதுர்ற சிக்கு முடி எங்க ஊட்ல ஒரு பை கீது. பாத்திரக்காரன்கிட்ட போட்டு ஒரு குண்டான் வாங்கலாம்னு சேத்து வச்சிக்கினு கீறேன்."

முடி சார் தலையில் படாரென்று அடித்துக்கொண்டார். இத்தனை வருடம் சலூன் சலூனாக அலைந்த மனிதருக்கு, முடி வளர்ப்பதில் பெண்களுக்கும் கொஞ்சம் ஈடுபாடு உண்டு என்பது தோன்றவே இல்லை!

அந்தப் பெண் இறங்கி வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே மற்றப் பெண்களும் ஓடினார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கினார், ஆண்கள் கத்தினார்கள், ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர்ச் சந்திலிருந்தும் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்தும் பை பையாக வந்து சேர்ந்தது.

"உன் குண்டான் போச்சேம்மா," என்றார் முடி சார்.

"கன்னியம்மா எங்கூடக் களை புடுங்கினவ சார். குண்டான அப்பால வாங்கிக்கலாம்."

அன்று பகல் முழுக்க கன்னியம்மாவும் நாங்களும் வரப்பில் உட்கார்ந்து நீள முடியைப் பொடிப்பொடியாக நறுக்கினோம். கம்பிச் சுருள் பக்கத்திலேயே கிடந்தது. சாயங்காலம் தூவி முடித்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், குளம்புத் தடம் வரப்பு வரைக்கும் வந்து, கொஞ்சம் குழம்பி, வந்த வழியே திரும்பியிருந்தது. கன்னியம்மா அந்தக் கம்பியைத் துணி காயப் போடக் கட்டிக்கொண்டார்.

கடலை பிடுங்கிய அன்று எங்களை வரச் சொன்னார். வேகவைத்த கடலை ஒரு பை நிறையக் கொண்டுவந்து முடி சார் கையில் வைத்தார்.

"எங் கொல்லைல வெளைஞ்ச மொதக் கடலை, நைனா. சாமிக்கு எடுத்து வச்சிட்டேன். அடுத்தது உனக்குத்தான். துன்னு."

முடி சார் பையை விடாமல் பைக் சாவியை என்னிடம் நீட்டினார்.

திரும்பும்போது நான்தான் பைக் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கடலையாக உரித்துத் தின்றுகொண்டே வந்தார். தோலெல்லாம் என் சட்டைக் காலருக்குள் விழுந்தது. பருப்பு ஒன்றுகூட என் பக்கம் வரவில்லை. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பைக் கண்ணாடியில், கண்ணை மூடி மென்றுகொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. திருப்பதி வருவதற்குள் பை காலியாக வேண்டுமே என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.