ஞாபகசக்திக்காக இடிபட்டவை

மனாகுவா நகர மக்களின் ஞாபகசக்தி நாளுக்கு நாள் குறைந்து வருவதாக மேலிடத்துக்கு ஒரு கவலை உண்டாயிற்று. மேலிடத்துக்குக் கவலை வந்தால் கீழே ஓர் அலுவலகம் முளைத்துவிடும். அவ்வாறே சான் கசிமிரோ பேட்டையில் நினைவாற்றல் மேம்பாட்டு இயக்குநரகம் முளைத்தது. லிசென்சியாதோ என்ற பட்டம் பெற்ற எவாரிஸ்தோ மொந்தியேல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததால் அவருடைய திறப்பு விழா உரையை உதவியாளர் வாசித்தார்.

இயக்குநரகம் சொன்ன வழிகள் எல்லாம் எளியவை. நன்றாகத் தூங்குங்கள், காலையில் நடங்கள், வேர்க்கடலை தின்னுங்கள், இடக்கையால் பல் துலக்குங்கள், புதிதாகச் சந்திப்பவர் பெயரைப் பலமுறை உரக்கச் சொல்லுங்கள். எளிய வழி என்பதால் ஊரே பின்பற்றியது. விரலில் வண்ண நூல் கட்டுவது நாகரிகமாயிற்று. வசதியானவர்கள் பட்டு நூல் கட்டினார்கள். எந்த நூல் எதற்கு என்று கேட்டால் மட்டும் கோபித்துக்கொண்டார்கள். டாக்சிக்காரர் சில்வியோ, வண்டியில் ஏறியவரின் பெயரைக் கேட்டுக் கேட்டுக் கத்தியதில், போலீஸ் தேடுகிறதோ என்று பயந்து பாதி வழியில் இறங்கி ஓடியவர்கள் உண்டு.

ஊரார் மரியாதையாகத் தோனியா என்று அழைக்கும் எர்லிந்தா இதிலெல்லாம் சேரவில்லை. அவளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. விடியுமுன் அவரைக்கொட்டையும் சோறும் சேர்த்துக் கிளறி, பாலாடைக்கட்டி பொரிக்க வேண்டும். "எனக்கு அடுப்பே ஞாபகப்படுத்தும்யா. மறந்தா கருகிடும்ல?" என்பாள்.

இதற்கிடையில் இயக்குநர் ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தார். அந்த ஊரில் வீடுகளுக்கு எண் கிடையாது. 'சினிமாக் கொட்டகை இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு' என்பதுதான் விலாசம். கொட்டகை பூகம்பத்தில் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. அதன்பின் பிறந்தவர்களுக்குக்கூட அது எங்கே இருந்தது என்று தெரியும். ஆனால் தினம் கடந்துபோகும் வங்கியின் பெயரைக் கேட்டால் திருதிருவென்று விழித்தார்கள். ஆகவே, இருப்பது மறக்கும், இல்லாததே நினைவில் நிற்கும் என்று அவர் முடிவுக்கு வந்தார். மக்கள் விலாசத்தில் எந்த அடையாளத்தை அதிகமாகச் சொல்கிறார்களோ அதை அரசு செலவில் அகற்றுவது என்று விதி பிறந்தது.

முதலில் நாற்சந்தி வாதுமை மரம் போயிற்று. மக்கள் அதைப் பற்றியே பேசினார்கள். மாபெரும் வெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. அடுத்து தண்ணீர்த் தொட்டி. அதை மக்கள் குளிக்கும் வேளையில் விசேஷமாக நினைத்துக்கொண்டார்கள். பிறகு பஸ் நிறுத்தத்துக் கூரை. மழையில் நனைந்தவர்கள் கூரையோடு இயக்குநரின் தாயாரையும் நினைவுகூர்ந்தார்கள்.

மிச்சம் இருந்தது எர்லிந்தாவின் கடை. எல்லா விலாசமும் அங்கிருந்துதான் தொடங்கியது. மழைக்காலம் முடிந்ததும் கடை போகும் என்று அவளுக்கு இடிப்பு ஆணை வந்தது. கரண்டியோடு இயக்குநரகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, இது என் பொழப்பு!"

"அம்மா, இது உங்களுக்குக் கிடைச்ச கௌரவம்."

"எல்லாருக்கும் என் கடை இப்பவே ஞாபகம் இருக்கே?"

"இருக்கும்போதே இப்படின்னா, இல்லாமப் போனா எப்படி இருக்கும்! யோசிச்சுப் பாருங்க."

"அப்ப நான் சோத்துக்கு என்ன பண்றது?"

"அது வேற இலாகா."

எர்லிந்தா திரும்பி வந்து, பயம் அடங்கும்வரை வெங்காயம் நறுக்கினாள். மத்தியானம் சாப்பிட வந்த சில்வியோவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, இனிமே யாரு விலாசம் கேட்டாலும் என் கடையைச் சொல்லாதே. இயக்குநரகத்துலேருந்துன்னு சொல்லு."

"சொன்னா எனக்கு என்ன தருவே?"

"பொரிச்ச பாலாடைக்கட்டி ஒரு துண்டு, சும்மா. உன் கூட்டாளிங்க சொன்னாலும் தரேன்."

பாலாடைக்கட்டியின் சக்தி வேர்க்கடலைக்கு ஏது? மழைக்காலம் முடிவதற்குள் பேட்டை முழுவதும் இயக்குநரகத்திலிருந்தே அளக்கப்பட்டது. கல்யாண அழைப்பு, சாவு அறிவிப்பு எல்லாவற்றிலும் அதுவே. இயக்குநருக்கு முதலில் பெருமை பிடிபடவில்லை. பிறகு விதி நினைவுக்கு வந்தது. நேர்மையான மனிதர், கடைக்கான ஆணையை ரத்துசெய்து, கண்ணீரோடு தம் அலுவலகத்தை இடிக்கத் தாமே கையெழுத்துப் போட்டார்.

எர்லிந்தா அன்றைக்கு எல்லாருக்கும் இனிப்புப் பானம் ஊற்றினாள். ஆனால் அடுத்த வாரமே கூட்டம் குறைந்தது. பிறகு அவரைச் சோறு மிஞ்சத் தொடங்கியது. ஒருநாள் கடை வழியாகப் போன சில்வியோவை வழிமறித்தாள்.

"எங்கேய்யா ஆளையே காணோம்?"

"ஐயோ, கடை இருக்கா? யாரும் உன் கடையைப் பத்திப் பேசவே இல்லை. இடிச்சுட்டாங்கன்னா பேசுவாங்களேன்னு யோசிச்சேன். அப்புறம் அதுவும் மறந்துபோச்சு."

"தினம் இந்த வழியாத்தானே போறே?"

"ஆமா. அதான் தெரியலை."

ஊர் முழுக்க இயக்குநரகத்தின் புகழே பேச்சாக இருந்தது. என்ன அருமையான அலுவலகம், எவ்வளவு காற்றோட்டம் என்று, வாசலில் காத்திருந்து திட்டியவர்களே உருகினார்கள். அதைப் பெரிதாகத் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஊர்வலம்கூடப் போனார்கள். எர்லிந்தாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல், இடிபாட்டின் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருந்த இயக்குநரிடம் போனாள்.

"ஐயா, என் கடைக்கு அந்த இடிப்பு ஆணையை இன்னொரு தடவை குடுங்க. இடிக்க வேணாம், ஆணை மட்டும் போதும். நாலு பேர் பேசுவாங்க."

"அதெப்படிம்மா? அதிகம் பேர் சொல்ற இடத்துக்குத்தான் ஆணைன்னு விதி இருக்கே. சரி, வந்துட்டீங்க, விண்ணப்பம் எழுதிக்கறேன். கடை விலாசம் சொல்லுங்க."

எர்லிந்தா மூச்சு விடாமல் சொன்னாள்: "இயக்குநரகம் இருந்த எடத்துலேருந்து ஏரிப் பக்கம் ஒரு தெரு, கிழக்கே அரைத் தெரு."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை வாஞ்சையோடு பார்த்தார்.

"பார்த்தீங்களா? உங்களுக்கே எவ்வளவு நல்லா ஞாபகம் இருக்கு!"