வாடகைக்கு முழுவியளம்

கொக்குவிலில் எங்கள் குறுகிய ஒழுங்கையை நீங்கள் அந்த நாட்களில் காலை எட்டு மணிக்கு முன்பு பார்த்திருக்க வேண்டும். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம், காலில் பாட்டாச் செருப்பு. இந்தக் கோலத்தில் படித்த ஆண்கள் பலர் தத்தம் பின்படலையால் வெளியே போய், மதிலைச் சுற்றி வந்து, முன்படலையால் மறுபடியும் தங்கள் வீட்டுக்குள்ளேயே போவார்கள். வழியில் ஒரு பசுமாடும், நிறைகுடம் ஏந்திய ஒரு பெண்ணும் எதிரே வருவார்கள். மாடு வாடகைக்கு. பெண்ணும் வாடகைக்கு. வேடிக்கை பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் தங்கள் ஒழுங்கைக்கும் ஒரு மாடு கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் போனவன் நான். பெயர் கேதீஸ்வரன். கம்பனி ஒன்று செய்யும் மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று வீட்டிலிருந்தபடி சோதித்துப் பார்ப்பது என் தொழில். எதையும் நம்பாதே, சோதித்துப் பார் என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதிகம். பக்கத்து வீட்டுச் செந்தூரன் கனடாவில் இருக்கும் ஒரு கடைக்கு இங்கே விறாந்தையில் இருந்து கணக்குப் பார்க்கிறான். மாரி தொடங்கியதும் எங்கள் எல்லோருடைய இணையமும் படுத்துவிட்டது. கூட்டம் நடக்கும்போது திரையில் நான் வாயைப் பிளந்தபடி உறைந்து நிற்பேன். இப்படியே போனால் கொழும்பு ஆபீசுக்கு வந்துதான் வேலை செய்யவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கொழும்பு என்றால் வாடகை அறை, கடைச் சோறு, காலையில் சனநெரிசலில் பஸ்.

அந்த நேரம் பார்த்து நெல்லியடிப் பக்கமிருந்து சாமி ஒருவர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினார். செந்தூரன்தான் கூட்டி வந்தான். சாமி என் மேசையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், என் சாரத்தையும் பார்த்தார்.

"தம்பிமார், வேலைக்கு வெளிக்கிடேக்கை எதிர்ப்படுகிற முதல் முகம்தான் முழுவியளம். அது நல்லாய் இருந்தால் வேலை நல்லாய் இருக்கும். நீங்கள் வெளிக்கிடுறதே இல்லை. கட்டிலிலையிருந்து மேசைக்குப் போறியள். பிறகு எங்கையிருந்து முழுவியளம் வரும்? லைன் படுக்காமல் என்ன செய்யும்?"

"உதிலை ஒரு நியாயம் கிடக்குத்தானே மச்சான்" என்றான் செந்தூரன். நான் அவனை விடப் பலமாகத் தலையாட்டினேன்.

சாமி பரிகாரமும் கையோடு கொண்டு வந்திருந்தார். மாதச் சந்தா கட்டினால் தினமும் காலையில் நல்ல முழுவியளத்தை அவரே ஒழுங்கு செய்வார். ஒழுங்கை முடிவில் இருக்கும் குணலட்சுமி அக்காவின் கையில் ஒரு பித்தளைக் குடத்தைக் கொடுத்து, ஏழு கிணற்றுத் தீர்த்தம் என்று ஒரு பிளாஸ்டிக் கானிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அக்காவின் கையில் குடம் இருக்க, அதில் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, போட்டார். தேசிக்காய் மிதந்தது. "பார்த்தியளே, மங்களமான முகம்!" என்றார் சாமி. நாங்கள் கைதட்டினோம். ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களில் வெளியே போய் உழைத்தவர் சாமி ஒருவர்தான்.

ஊர்வலம் தொடங்கிய வாரமே இணையம் சீராகிவிட்டது. அதே வாரம் இணையக் கம்பனிப் பொடியன் ஒருவன் எங்கள் ஒழுங்கை மூலையில் ஏணி வைத்து, இற்றுப்போன கேபிளை மாற்றியதும் உண்மை. அந்த ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றவனே நான்தான். இருந்தும் புகழை மாட்டுக்குத்தான் கொடுத்தேன்.

பிறகு ஒரு பெரிய மழை பெய்தது. லைன் மறுபடியும் படுத்தது. சாமி ஒழுங்கையை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, என் எதிர்வீட்டுப் படலையைக் கையால் காட்டினார்.

அது தயாளினி அக்காவின் வீடு. கணவர் நோயில் இறந்த பிறகு, இரண்டு பிள்ளைகளையும் தன் உழைப்பில் வளர்ப்பவர். தெல்லிப்பழையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. காலையில் கடையைத் திறப்பவரும் அவர்தான். அதனால் நாங்கள் சாரத்தோடு சுற்றும் அதே நேரத்தில் அவர் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார். அன்று சாமி அவரை மறித்து, ஒரு வாளியிலிருந்து வேறு குடத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அவர் கையில் கொடுத்துத் தேசிக்காயைப் போட்டார். தேசிக்காய் தாழ்ந்து குடத்தின் அடியில் போய்க் கிடந்தது. சனம் "ஐயோ" என்றது. அக்காவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் நின்றேன்.

பேசாமல் நின்றதோடு விட்டேனா? அவரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் சுத்தி முடிச்ச பிறகு வெளிக்கிட்டியள் எண்டால்..."

"நீங்கள் சுத்தி முடிய என்ரை பஸ் போயிடும் தம்பி."

"இல்லாட்டில் பின்பக்கத்தாலை போகலாமே?"

"பின்பக்கம் மதில் கிடக்கு. என்னை மதில் பாயச் சொல்லுறியளோ?"

"சின்ன மதில்தானே அக்கா" என்றேன். அதைச் சொன்ன வாயால்தான் இன்றும் சோறு தின்கிறேன்.

அக்கா கேட்கவில்லை என்பதால் செந்தூரன் ஒரு வழி கண்டுபிடித்தான். வாடகை மாட்டைக் காலையில் அவருடைய படலையோடு கொண்டுபோய்க் கட்டினான். மாட்டை விலக்கிப் படலையைத் திறக்க அக்காவுக்கு நேரமெடுத்தது. பஸ் போனது. அடுத்த நாளும் போனது. இன்னொருமுறை பிந்தினால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து உழைக்கும் நாங்கள் கொழும்புக்குப் போகாமல் இருக்க, வெளியே போய் உழைக்கும் ஒரு பெண்ணை வீட்டுக்குள் இருத்தப் பார்த்தோம்.

அதற்கு அடுத்த காலை, சனம் கூடி நிற்க, அக்கா மாட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். நேரே சாமியிடம் போனார்.

"சாமி, அண்டைக்குக் காட்டினதை இண்டைக்கும் ஒருக்கால் காட்டுங்கோ. எல்லாரும் பார்க்கட்டும்."

சாமிக்கு வாயெல்லாம் பல். குணலட்சுமி அக்காவின் குடத்தில் தேசிக்காயைப் போட்டார். மிதந்தது. அடுத்து வாளியை எடுக்கக் குனிந்தார்.

"வாளி வேண்டாம் சாமி. இதே குடம், இதே தண்ணி, இதே தேசிக்காய். ஆளை மட்டும் மாத்திப் பார்ப்பம்."

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். என் தொழிலின் முதல் பாடமே அதுதான்.

"அதெப்பிடிப் பிள்ளை? ஒராளுக்கு வைச்ச தீர்த்தம் மற்ற ஆளுக்கு ஆகாது!"

"ஆகாட்டில் தாழட்டுமே. தாழ்ந்தால் நான் இந்த ஒழுங்கையை விட்டே போறன்."

சாமி மறுபடி வாயைத் திறப்பதற்குள் அக்கா குடத்தை வாங்கிவிட்டார். தேசிக்காய் ஆடாமல் அசையாமல் மிதந்துகொண்டே இருந்தது. பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "அக்கா, நீங்கள் இப்ப வாளியைப் பிடியுங்கோ" என்றார். குணலட்சுமி அக்கா பிடித்தார். வாளித் தண்ணீரில் போட்ட தேசிக்காய் நேரே அடிக்குப் போனது.

"ஐயோ, என்ரை முகமும் கூடாமல் போச்சோ!" என்று குளறினார் குணலட்சுமி அக்கா.

"முகத்திலை ஒண்டுமில்லை அக்கா. குடத்துத் தண்ணியை ஆரும் ஒருக்கால் வாயிலை விட்டுப் பாருங்கோ."

சோதித்துப் பார்ப்பது என் தொழில் அல்லவா? நான் முன்னுக்குப் போய் ஒரு மிடறு குடித்தேன். குடல் வெளியே வருமளவுக்கு உப்பு. உப்புத் தண்ணீர் தேசிக்காயைத் தூக்கிவிடும், நல்ல தண்ணீர் தூக்காது. தாழ்கிற தேசிக்காயாகப் பொறுக்கி வந்ததுதான் சாமி செய்த தவம்.

"நானும் யோசிச்சனான்" என்றார் குணலட்சுமி அக்கா. "மிஞ்சின தீர்த்தத்திலை ஒருநாள் கஞ்சி காய்ச்சினன். வாயிலை வைக்கேலாமல் கிடந்துது. தீர்த்தத்தின்ரை வீரியமாக்கும் எண்டு இருந்திட்டன்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சாமி மோட்டார்சைக்கிளை உதைத்துப் பார்த்தார், அது கிளம்பவில்லை. உருட்டிக்கொண்டு ஓடப் பார்த்தார், மாடு மறித்துக்கொண்டு நின்றது. அவர் கொண்டுவந்த மங்களம் அதுதான். தயாளினி அக்கா மாட்டை விலக்கி, அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ரை முகத்தை வடிவாய்ப் பாருங்கோ சாமி. இனி உங்கடை தொழில் எப்பிடிப் போகுதெண்டு பார்ப்பம்."

சாமி போன திசையில் சந்தாக்காசும் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு அக்காவிடம் போனேன்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பைப் பிறகு கேளுங்கோ. முதல் உங்கடை மோட்டார்சைக்கிளை எடுங்கோ, பஸ் போயிட்டுது."

சட்டையும் சாரமுமாக அவரைத் தெல்லிப்பழை வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனேன். நேரத்துக்குக் கடையைத் திறந்தார். பல மாதங்களுக்குப் பிறகு நான் வேலைக்காக வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாள் அது. என் முதல் முழுவியளம் தயாளினி அக்காதான். அந்த நாள் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. கூட்டத்துக்குப் பிந்திப் போனேன், வழக்கம்போல லைன் படுத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டே அக்கா திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"வீட்டிலை இருந்து வேலை செய்யுங்கோ தம்பி, அதிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் மூளையையும் வேலை செய்ய விடுங்கோ. அது எத்தினை நாளைக்குச் சாரத்தோடை சும்மா சுத்துறது?"